ஜன்னலோரக் கரடி

ஒரு காட்டில், அந்தக் காட்டுக்கு வாசற்கதவு போடுவதற்கு முந்தின நாள் வரை, சடையாண்டி என்ற கரடி நிம்மதியாகக் குடியிருந்தது. அதன் மனைவி வேலாத்தா குட்டி போட்டிருந்தது. வாய்க்கு ருசியாகப் பலாப்பழம் வேண்டும் என்றது. காட்டில் அந்த வருஷம் காய்ப்பே இல்லை. சடையாண்டி மலையிறங்கி, நாலு தோப்பு அலைந்து, நாய்களிடம் கடி வாங்கி, மூன்றாம் நாள் ஒரு பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பியது.

வந்து பார்த்தால் காட்டைச் சுற்றிக் கம்பிவேலி. நடுவில் ஒரு கேட். மேலே 'வனவிலங்கு சரணாலயம்' என்று பலகை. கவுண்டரில் ஒரு நரி, கழுத்தில் அடையாள அட்டையோடு.

"கதவைத் திற தம்பி, வீட்டுக்குப் போகணும். குட்டி மூஞ்சியை இன்னும் சரியாக்கூடப் பார்க்கல."

"உள்ள குடியிருக்கிறவரா? இருப்பிடச் சான்று காட்டுங்க."

"அதை எங்க தருவாங்க?"

"உள்ள இருக்கிற ஆபீஸ்ல."

"அப்ப நான் எப்படி உள்ள போறது?"

"சுற்றுலாப் பயணியாப் போகலாம்" என்றது நரி, பலாப்பழத்தை மோந்தபடி.

பாதிப் பழம் நரிக்குப் போனது. டிக்கெட்டும் மீதிப் பழமுமாகச் சடையாண்டி வேனில் ஏறியது.

வேன் நிறைய வெள்ளாடுகள். பக்கத்து ஊரிலிருந்து தொப்பியும் எலுமிச்சைச் சாதமுமாகக் குடும்பத்தோடு கரடி பார்க்க வந்தவை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒன்றாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பார்கள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கரடி வந்தா மறைக்கும்" என்றது கமலவேணி என்ற ஆடு.

வேன் குகைப் பக்கம் திரும்பியது. வாசலில் வேலாத்தா, மடியில் குட்டி. சடையாண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது.

"ஏங்க! மூணு நாளா எங்க போய்த் தொலைஞ்சீங்க? முதல்ல இறங்குங்க!" என்று கத்தியது வேலாத்தா.

"அம்மாடி, என்னமா உறுமுது!" என்று ஆடுகள் பூரித்துப் போயின.

சடையாண்டி எழுந்தது. டிரைவர் எருமை அதட்டியது: "உக்காருங்க சார்! இறங்கினா ஆயுசுக்கும் உள்ள விடமாட்டாங்க. நேத்து ஒரு முயல் தன் வளையைப் பார்த்ததும் குதிச்சிடுச்சு. இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கு."

சடையாண்டி நினைத்திருந்தால் அந்த வேனையே புரட்டிப் போட்டிருக்கலாம். ஆனால் கையில் டிக்கெட் இருந்தது. டிக்கெட் வாங்கியவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? பழத்தையாவது வீசலாம் என்று பார்த்தால், 'விலங்குகளுக்குத் தீனி போடாதீர்' என்று எதிரே பலகை. உட்கார்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் கமலவேணி செல்போனை நீட்டியது. "போட்டோ பாருங்கண்ணே. குட்டி அப்படியே உங்க ஜாடை!"

சடையாண்டி தேம்பித் தேம்பி அழுதது.

"இயற்கையைப் பார்த்தா எனக்கும் இப்படித்தாண்ணே கண்ணு கலங்கிடும்" என்று சொல்லிக் கொஞ்சம் எலுமிச்சைச் சாதம் கொடுத்தது கமலவேணி.

கேட்டில் நரி கருத்துப் பதிவேட்டை நீட்டியது. சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதியது: 'கரடிகளை மிக அருகில் பார்த்தேன். பெண் கரடி கோபமாக இருந்தது. அடுத்த ஞாயிறும் வருவேன்.'

நீதி: சொந்த வீட்டுக்குப் போகிறவர்கள் ஜன்னலோர இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளவும்.