பங்குதாரர் ஆன கூலிக்காரன்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை.

குறைந்தபட்சக் கூலியை மறுபடியும் உயர்த்தும் கோப்பு உங்கள் தொழிலாளர் துறையில், அதுவும் உங்கள் மேசையிலேயே இருப்பதாகத் தங்கை சொன்னாள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதை எங்காவது தொலைத்துவிடுங்கள். போன முறை உயர்த்தியபோது எங்கள் சலவையகத்தில் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடினோம். மறுநாளே முதலாளி, "சட்டத்த மீற முடியுமா? கூலிய ஏத்தியாச்சு. பத்து மணி நேர வேலைய இனிமே ஆறு மணி நேரத்துல முடிச்சிடுங்க, ஆறு மணி நேரத்துக்குத்தான் கூலி" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளுக்கு இந்தச் சட்டம் தெரியாதே, அவை குறையவில்லை. அவசரத்தில் இஸ்திரி உருளையில் என் புறங்கை பட்டு வெந்தது. மின்விசிறிக்கு ஒரு பிடித்தம், மேலங்கிக்கு ஒரு பிடித்தம் என்று ஏறின கூலி வந்த வழியே இறங்கிப் போனது. அதுவும் போதாமல் ஒருநாள் தொழிலாளிகள் எங்கள் பதினான்கு பேரையும் நிற்க வைத்து, "இனிமே நீங்க யாரும் கூலிக்காரங்க இல்ல, பங்குதாரருங்க!" என்று கைகுலுக்கி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடி வந்தேன். "பங்குதாரருக்குக் கூலிச் சட்டமே கிடையாதாமே, படிச்சுப் பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி. கண்ணாடியை எடுத்துப் போகவில்லை என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள், நல்லவேளை, அவள் தலையில்.

செவ்வாயன்று உங்கள் துறை இன்ஸ்பெக்டர் வந்து, "இங்க முதலாளி யாரு?" என்று கேட்டார். எங்கள் முதலாளி பவ்யமாகக் கைகட்டி, "நாங்க பதினஞ்சு பேருந்தான் சார்" என்றார். விளைவு, இஸ்திரி போடும் தொழிலாளிக்குக் குறைந்த கூலி கொடுத்ததாக என் பெயருக்கு நோட்டீஸ். அந்தத் தொழிலாளியும் நான்தான் மாப்பிள்ளை! என்னை நானே கூப்பிட்டுச் சமரசம் பேசிப் பார்த்தேன். இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். இனி ஒரு உயர்வை என் உடம்பு தாங்காது.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. நீங்கள் பதவி உயர்வு பெற்று நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மைத்துனன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். தபாலில் போடக் கிளம்பும்போது செய்தி வந்தது, முதலாளி சலவையகத்தைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். என் பங்காக ஒரு மூட்டை விரிப்பு வந்திருக்கிறது, துவைக்காதது. கூலியைத் தாராளமாக உயர்த்துங்கள் மாப்பிள்ளை, இனி எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.