மாப்பிள்ளைக் காரும் அசையாத முள்ளும்

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
10-11-1964

மதிப்பிற்குரிய கமாலுதீன் மாமு அவர்களுக்கு, அக்கா மகன் சலாவுதீன் ஸலாம் கூறி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் காருக்குத்தான் சுகமில்லை.

'கார் வேண்டாமா பெண் வேண்டாமா உடனே சொல்' என்ற உங்கள் தந்தி காலையில் கிடைத்தது. பெண் வேண்டும். கார் வேண்டாம். பீவி பெரியம்மா டிரங்க் காலில் என்னவெல்லாம் சொன்னாரோ, நடந்ததை நான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையாகிய என்னை அழைத்துவர டிரைவர் நாணுச்சேட்டனிடம் கார் அனுப்பினீர்கள், சந்தோஷம். மழைக்காலம், வழியில் குதிரான் மலை இறக்கம் வேறு, அதனால் பிரேக்கைச் சோதிக்க நேற்று எங்கள் ஒர்க்‌ஷாப் டெஸ்ட் ஸ்டாண்டில் ஏற்றினேன். அது தரையில் பதித்த இரும்பு உருளைகள்தான். மோட்டார் உருளையைச் சுழற்றும், உருளை சக்கரத்தைச் சுழற்றும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும், பிரேக்கை மிதித்தால் எவ்வளவு பிடிக்கிறது என்று முள் காட்டும். காரைச் சங்கிலியால் கட்டி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் செய்துவிட்டு நிமிர்ந்தால் காருக்கு நேர் முன்னால் பெரியம்மா, கையில் அலுவாத் தட்டோடு. "தள்ளுங்க பெரியம்மா, முன்னால நிக்காதீங்க, நசுங்கிப் போயிருவீங்க!"ன்னு கத்தினேன். நல்ல காரியத்துல நசுங்கறதப் பத்திப் பேசறானேன்னு அங்கேயே அழ ஆரம்பிச்சுட்டாங்க. அழட்டும்னு மோட்டாரைப் போட்டேன். சேட்டன் மிதிச்சாரு. முள் அசையல. "மிதிங்க சேட்டா!" "சவிட்டிப் பிடிச்சிட்டுண்டு மோனே, இனி சவிட்டினா என் காலு தரையில முட்டும்!" எத்தனை தடவை மிதிச்சாலும் முள் பூஜ்யத்துலதான். இந்தக் கார்ல நானும் ஏற மாட்டேன், கல்யாணப் பொண்ணு சகீலாவையும் ஏத்த மாட்டேன்னு சொன்னேன். பெண் வீட்டுக் காரை மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்ததாம். பெரியம்மா உடனே போன் பண்ணக் கிளம்பிட்டாங்க.

மாமு, உள்ளே இருப்பது மாப்பிள்ளை என்று குதிரான் இறக்கத்துக்குத் தெரியுமா? உங்கள் மரியாதைக்காக நான் சாகிறேன் என்றே வையுங்கள், சகீலா என்ன செய்தாள்? கார் இங்கேயே நிற்கும். சேட்டன் இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் வருவார். நான் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாலையும் கழுத்துமாக நடந்தே வருகிறேன்.

மாமிக்கு ஸலாம். சின்னவர்களுக்கு என் துஆ. சகீலாவுக்கு நான் எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை.

உங்கள் மருமகன் (இன்னும் ஒப்புக்கொள்வீர்களானால்),
சலாவுதீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் டயரில் கை ஊன்றினேன், வழுக்கியது. முகர்ந்தால் தேங்காயெண்ணெய். "மொதலாளி பறஞ்சதாணே, மாப்பிள்ளை ஏறுற வண்டி டயர் வரைக்கும் மின்னணும்னு!" என்கிறார் சேட்டன். சக்கரம் நேற்றே ஒழுங்காக நின்றிருக்கிறது, உருளைதான் எண்ணெயில் வழுக்கி அடியில் சும்மா சுற்றியிருக்கிறது. நான் முள்ளைப் பார்த்தேனே தவிர சக்கரத்தைப் பார்க்கவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி ஏற்றினோம். மிதித்ததும் முள் எகிறியது, கார் பின்பக்கமாக ஒரு சாண் துள்ளியது, நல்லவேளை சங்கிலி பிடித்துக்கொண்டது. பின்னால் பெரியம்மா, அதே தட்டோடு. "முன்னாலதானடா நிக்கக் கூடாதுன்னே?" நேற்றைவிடப் பலமாகக் கத்திவிட்டேன். மறுபடி டிரங்க் கால் போடப் போயிருக்கிறார். கார் வேண்டும், பெண்ணும் வேண்டும். தந்தி வேண்டாம்.