மூன்று பேருக்கு ஒரு புத்தகம்

திம்மப்பன் கடகடவென்று படித்துக்கொண்டிருந்தான். ஓர் எழுத்தில்கூடத் தடுமாறவில்லை. புத்தகத்தைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

கிருபாராணி டீச்சர் அதை வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தாள். பையன் ஊமையாகிவிட்டான்.

“படிடா.”

“இது வேற பாடம் டீச்சர். இதை நீங்க நடத்தவே இல்லீங்களே.”

அவளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தளிக்கும் ஜவளகிரிக்கும் நடுவே இருந்த அந்தக் கூரைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு மூன்று பிள்ளைகள். வந்த புத்தகங்களில் கரையான் மிச்சம் வைத்தது ஒன்றே ஒன்று. கரும்பலகையும் கிடையாது. புத்தகத்தை நடுவில் வைத்து, மாரம்மாவை நேரே, திம்மப்பனை எதிரே, யேசுராஜைப் பக்கவாட்டில் உட்கார வைத்து வருஷம் முழுக்க நடத்தியிருந்தாள். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள். தமிழ் எழுத்தை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை. அவரவர் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்ததோ, அதுதான் எழுத்து என்று நம்பிவிட்டார்கள்.

தப்பு தன்மேல்தான் என்று கிருபாராணி முடிவு செய்தாள். எந்தத் தப்பையும் அவள் அப்படித்தான் முடிவு செய்வாள்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகள் படிக்காவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடித் தளிப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள். யானை நடமாடும் பாதையில் அவ்வளவு தூரம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? திம்மப்பனின் அம்மா சென்னம்மாள் சொல்லியே விட்டாள்: “மூடிட்டா இவன் ஆடு மேய்க்கப் போவான் டீச்சர். ஆட்டை எந்தப் பக்கம் உக்காந்துக்கினு பாத்தாலும் அது ஆடுதான்.”

மறுநாள் கிருபாராணி இடத்தை மாற்றினாள். திம்மப்பன் நேரே, மாரம்மா எதிரே. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாரம்மாவும் சாயங்காலத்துக்குள் திக்க ஆரம்பித்தாள். டீச்சர் பயந்துபோய் எல்லாரையும் பழைய இடத்துக்கே அனுப்பினாள்.

அடுத்து, தளிப் பள்ளிக்கூடத்தில் கெஞ்சி இரண்டு புத்தகம் இரவல் வாங்கி வந்தாள். ஆளுக்கொன்று கொடுத்ததும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. இத்தனை நாளும் நடுவில் கிடந்ததால் மறைந்திருந்த கூத்து இப்போது ஒவ்வொருவர் கையிலும் தெரிந்தது. தலைகீழ்ப் புத்தகத்தை ஒரு பிள்ளை சரளமாகப் படித்தால், பார்க்கிறவர் மனப்பாடம் என்றுதானே நினைப்பார்?

இரண்டு நாள் யோசித்துப் பழுப்புக் காகிதத்தில் புத்தகத்தின் பெயரைப் பெரிதாக எழுதி அட்டை போட்டாள். திம்மப்பன் புத்தகத்துக்கு மட்டும் அட்டையைத் தலைகீழாக ஒட்டினாள். அவன் வழக்கம்போல் பிடித்தால் வெளியே நேராகத் தெரியும். யேசுராஜுக்கு அந்த வித்தை செல்லவில்லை. அவன் புத்தகத்தை நேராகப் பிடித்துத் தலையைத் தோளில் சாய்த்துப் படிப்பது என்று ஏற்பாடு. காதைச் சுற்றி ஒரு துணியும் கட்டிவிட்டாள்.

“கேட்டா காதுவலின்னு சொல்லு.”

“டீச்சர், என் அட்டையைத் தலைகீழா ஒட்டிட்டீங்க” என்றான் திம்மப்பன்.

“நீ வாயைத் திறக்காதே.”

“அப்புறம் எப்படி டீச்சர் படிக்கிறது?”

இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே பியூன் கங்கப்பன். கிருபாராணி வருகைப் பதிவேட்டை நாற்காலிக்கு நேராக ஒழுங்காக வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“வைக்கத் தெரியாதா அம்மா?”

போச்சு, எடுத்த எடுப்பிலேயே கோபம் என்று அவளுக்குத் தோன்றியது.

யேசுராஜ் கழுத்தைச் சாய்த்துப் படித்தான். காதுவலியோடு வந்து படிக்கிற பிள்ளையா என்று இன்ஸ்பெக்டர் உருகிப்போனார். திம்மப்பன் அடுத்த பத்தியை மழைபோல் கொட்டினான்.

“இங்க குடு.”

அட்டை எப்படி இருந்ததோ அப்படியே வாங்கினார். கிருபாராணி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வசவு வரவில்லை. அடுத்த பாடத்தை அவர் கணீரென்று வாசிக்கும் குரல்தான் வந்தது. கண்ணைத் திறந்தாள். புத்தகத்தை அவர் திருப்பவே இல்லை. எத்தனை பள்ளிக்கூடம் பார்த்த மனுஷர், மனப்பாடமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு மாரம்மாவின் புத்தகத்தை வாங்கினார். உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“அச்சு மோசம். பிள்ளைங்க கண்ணு என்னத்துக்கு ஆகும்? எல்லாருக்கும் அந்தப் பையன் வெச்சிருக்கிற மாதிரி நல்ல புத்தகமா வரவழைக்கிறேன்.”

பள்ளிக்கூடத்தை மூடும் பேச்சே இனி இல்லை என்றும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். வேலியோரம் நின்றிருந்த சென்னம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிருபாராணிக்கு மட்டும் சந்தோஷம் முழுசாக இறங்கவில்லை. கங்கப்பன் குடையை எடுக்கத் திரும்பி வந்தபோது, பதிவேட்டை வைத்ததில் என்ன தப்பு என்று மெதுவாகக் கேட்டாள்.

கங்கப்பன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குனிந்து சொன்னான்:

“அடுத்த தடவை தலைகீழா வெச்சிடுங்க டீச்சர். ஐயாவும் எதிர்ப்பக்கம் உக்காந்து படிச்சவருதான்.”