ஓடைக்கு அக்கரைப் பெயர்

உலகத்துக்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா மண் வழங்கிய கொடைகள் இரண்டு. ஒன்று, புகைபோட்ட பன்றித் தொடைக்கறி. மற்றொன்று, ஆவர்பெக் என்னும் குடும்பப் பெயர். கறியாவது என்றேனும் கெட்டுப்போகும், பெயர் கெடாது. கெடாமல் காக்கவென்றே 'ஆவர்பெக் பெயர்ப் பாதுகாப்புச் சங்கம்' இருக்கிறது. அதன் தலைவர் ஃபெர்டினான்ட் ஆவர்பெக், முப்பத்தாறு ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சுமந்தே கூன் விழுந்தவர்.

ஆவர்பெக் என்றால் அந்த வட்டாரப் பேச்சில் 'ஓடைக்கு அக்கரை' என்று பொருள். அக்கரையில் ஒரு பண்ணை வீடு; அதில் குடியிருந்தவனை ஊர் அப்படி அழைத்தது. ஒரு வம்சத்துக்கு இவ்வளவு எளிய உண்மை போதுமா? போதாது. ஆகவே, முதல் ஆவர்பெக் ஒரு மாவீரன் என்றும், உருவிய வாளோடு குதிரையில் ஓடையைத் தாண்டியவன் என்றும் தலைவர் 'ஆராய்ந்து' அறிவித்தார். குடும்பச் சின்னமும் வரையச் சொன்னார். அதில் ஓடை கடலாகப் பொங்குகிறது. நிஜ ஓடையில் வாத்துக்கே முழங்கால் அளவுதான் தண்ணீர்.

பெயரின் அறுநூறாவது ஆண்டு விழா, ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. உருளைக்கிழங்கு சாலட்டுக்கும் தலைவரின் பேருரைக்கும் நடுவே ஓர் அவசரத் தீர்மானம் வந்தது. காரணம், தலைவரின் ஒரே மகள் கேசா. பண்ணையில் பால் கறக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த மாரெக் நோவிட்ஸ்கியைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவனும் பெருந்தன்மையாக, "பொண்ணு வீட்டுப் பேரையே வச்சுக்கறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

"பேரு என்ன மழைக்கோட்டா, வந்தவன் போனவன் எல்லாம் மாட்டிக்க?" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் தலைவர். "இது ரத்தம்! ரத்தத்துல இல்லாதவன் இந்தப் பேரை வச்சுக்கக் கூடாது!"

கேசா எழுந்தாள். "அப்படின்னா நாங்க ரெண்டு பேரும் ஹனோவருக்குப் போயிடறோம்ப்பா. பண்ணையையும் மாடுகளையும் உங்க குதிரைவீரன் வந்து பாத்துக்கட்டும்."

"போ! பண்ணை போனாலும் பேரு நிக்கும்!" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது. ஒரே மகள் அல்லவா.

தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது. கை தூக்காதவர்களின் கையில் தட்டு இருந்தது.

அக்கரைப் பண்ணையிலேயே பிறந்தவரான தலைவரின் மனைவி மெச்டில்ட், முள்கரண்டியை நிதானமாகக் கீழே வைத்தார்.

"நல்ல தீர்மானம். ஃபெர்டினான்ட், அந்த மைக்கை வச்சுட்டு முதல்ல நீ வெளிய போ."

"என்ன சொல்றே மெச்டில்ட்?"

"நீ பீப்பர் வீட்டுப் பையன். ஒரு ஓட்டை சைக்கிளோட எங்க பண்ணைக்கு வந்தே. என்னைக் கட்டினே, பேரையும் மாத்திக்கிட்டே. எங்கப்பா லாங்கே வீட்டுலேர்ந்து வந்தவர். தாத்தாவும் அப்படித்தான். எங்க வீட்டுல பொறந்ததெல்லாம் பொண்ணுங்க. பேரு அந்த வீட்டோடது. வந்த மாப்பிள்ளைங்க எல்லாரும் அதை மாட்டிக்கிட்டவங்கதான்."

ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் ஒருவரும் அதிர்ச்சி அடையவில்லை. அவரவர் தட்டைப் பார்த்தார்கள்.

தலைவரின் காது சிவந்தது. "அது வேற... நான் பேரோட பழகிட்டேன்."

"அவனும் பழகிடுவான்," என்றார் மெச்டில்ட். "கொஞ்ச வருஷம் போகட்டும். இதே மேடையில நின்னு, தன் மாப்பிள்ளையைப் பாத்து 'ரத்தம்'னு கத்துவான். அன்னிக்குத்தான் அவன் அசல் ஆவர்பெக்."