தலைச்சோலை பஸ்ஸும் ஐம்பத்தாறு ஃபால்ஸும்

அன்புள்ள மாப்பிள்ளை பிரவீனுக்கு,

நாகலூரிலிருந்து உன் தாய்மாமன் சுப்பிரமணி எழுதுவது. நானும் உன் அத்தை மல்லிகாவும் மழையோடு மழையாகச் சௌக்கியம். பெங்களூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்று நான் நம்புகிறேன், உன் அத்தை நம்பவில்லை.

நீங்கள் நண்பர்கள் சேர்ந்து செய்த எழுத்துச் செயலியை என் லேப்டாப்பில் போட்டுவிட்டு, "செட்டிங்ஸ் ஃபைல் சாதாரண ஆளுக்குப் புரியுதான்னு பாத்துச் சொல்லுங்க மாமா" என்று கேட்டிருந்தாய். புரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் எஸ்டேட் ரைட்டராக இருந்து மூன்று மேனேஜர்களின் கிறுக்கலைப் படித்தவன் சொல்கிறேன், புரியவில்லை.

போன வாரம் தலைச்சோலையிலிருந்து அத்தாயி வந்தார். காப்பிப் பழம் பறிப்பவர். காலை பஸ் அவர்கள் ஊரில் நிற்காமலே போவதால் மகள் வெண்ணிலா மூன்று நாளாக நர்சிங் வகுப்புக்குப் போகவில்லை. "ஏனுங்க ரைட்டரய்யா, இன்னும் நாலு நாள் போகலீன்னா பேரை எடுத்துருவாங்களாம். ஒரு மனு அடிச்சுக் குடுங்க, நாளைக்கு பஸ் ஆபீசரு ஏற்காடு வர்றாருங்க" என்றார். அடிக்க உட்கார்ந்தேன். எழுத்து கடுகு மாதிரி தெரிந்தது. பெரிதாக்கலாம் என்று உன் ஃபைலைத் திறந்தால் பக்கம் முழுக்க வளைந்த அடைப்புக்குறி, வரிக்கு வரி கமா, நடுவில் ஐம்பத்தாறு இடத்தில் ஃபால்ஸ். ஃபால்ஸ் என்றால் பொய் என்று எனக்குத் தெரியாதா? ஊர்க் காரியத்துக்கு அடிக்கும் மனுவில் இத்தனை பொய் ஆகாது என்று ஒவ்வொன்றையும் ட்ரூ ஆக்கினேன். திரை கறுத்தது, விசையைத் தொட்டால் கீச்கீச்சென்று கத்தியது, வரிகள் வலமிருந்து இடமாக ஓடின. 'ரீட் ஒன்லி' என்று ஒன்று இருந்ததாம், அதுவும் ட்ரூ ஆகிவிட்டதால் ஒரு எழுத்துகூட அடிக்க முடியவில்லை. ஃபைலை உனக்கு அனுப்பிவிட்டு போன் போட்டால் "நாப்பதாவது வரியில கமாவைக் காணோம் மாமா" என்கிறாய்.

"திரையில அழுக்குன்னு நெனச்சு அழிச்சுட்டேன் கண்ணு" என்றேன்.

பக்கத்திலிருந்த அத்தாயி, "ஊட்டுல பேனா இல்லீங்களா?" என்றார். கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஆபீசர் படித்துவிட்டு, "இவ்ளோ தெளிவா யாரும் மனு குடுத்ததில்லீங்க. நாங்களே இதத்தான் யோசிச்சுட்டிருந்தோம். திங்கக்கிழமையிலிருந்து நிறுத்திடறோம்" என்றாராம். அத்தாயிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே என் அபிப்பிராயம்: கமாவையெல்லாம் கடாசு. 'எழுத்து: பெரிது. சத்தம்: வேண்டாம்' என்று தமிழில் வை. நல்ல தமிழில் ஒரு வரி எழுதினால் எவனும் குழம்ப மாட்டான். அந்த மனுவே அதற்குச் சாட்சி.

சேர்வராயன் சாமி துணையில் உன் செயலி உலகமெங்கும் ஓடட்டும். அத்தை உனக்கு மிளகு அனுப்புகிறாள்.

உன் மாமன்,
சுப்பிரமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அத்தாயி மறுபடி வந்தார். இன்று திங்கள். பஸ் வரவே இல்லை. ஆபீசருக்கு போன் செய்தால், "நீங்க கேட்டதத்தானுங்க செஞ்சோம்" என்கிறார். என் நகலை எடுத்துப் பார்த்தேன். 'தலைச்சோலை வழியாகச் செல்லும் காலைப் பேருந்தை உடனடியாக நிறுத்த வேண்டுகிறோம்' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. வெண்ணிலாவை இப்போது என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். நான் மேலே எழுதியதை மறந்துவிடு. 'பஸ் நின்றுவிட்டுப் போக வேண்டும், ஆனால் நின்றுவிடக் கூடாது' என்பதற்கு எங்கெங்கே கமா, எத்தனை அடைப்புக்குறி போட வேண்டும் என்று உடனே எழுது.