சாம்பார் வாளியில் சம்பந்தி வீட்டுப் பன்னீர்ச் சொம்பு

சின்ன காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான சம்பூர்ணம் அக்காவுக்கு, தம்பி யேசுதாஸ் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். உன் மூட்டுவலி குறைய ஜெபிக்கிறோம். போனில் பேசினால் ஜோதிகா காதில் விழும். ஏனாத்தூருக்கு நேரில் வந்தால் நீ என்னைப் பேசவிட மாட்டாய். ஆகவே கடிதம்.

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் வைத்த பன்னீர்ச் சொம்பு வெள்ளி அல்ல. இன்று காலை உறுதியானது. ஆதாரம்: நம் வீட்டுச் சாம்பார் வாளி.

நீ கொண்டுவந்த சம்பந்தம் என்பதால் முதலில் உனக்குத் தெரிவிக்கிறேன். ஐயம்பேட்டை லோகேஸ்வரன் அதைச் சபையில் என் கையில் கொடுத்தபோது "கெட்டி வெள்ளி சம்பந்தி" என்று மூன்று தடவை சொன்னார். கெட்டி வெள்ளி கொடுப்பவர் ஒரு தடவைதான் சொல்வார். உரைத்துப் பார்த்தால் கோடு விழுந்து என்னைக் காட்டிக்கொடுக்கும். பானை வயிறும் கொக்குக் கழுத்துமாக இருப்பதை ஸ்கேல் வைத்து அளக்கவும் முடியாது. ஆகவே வாளியை விளிம்புவரை நிரப்பித் தாம்பாளத்தில் வைத்து, சொம்பைப் பட்டு நூலில் கட்டி, மொத்தமும் முங்கும்படி இறக்கினேன். வழிகிற தண்ணீரை நிறுத்தால் அதுதான் சொம்பின் கன அளவு. ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. பட்டு நிறுக்கும் தராசைப் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஆதிகேசவன் கொடுத்தார். "நனைக்காம குடுத்துடுங்க சார்" என்றதோடு சரி. எதற்கு என்று கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

சொம்பு 420 கிராம். வழிந்த தண்ணீர் 160. வகுத்தால் இரண்டரைக்குச் சற்று மேல். வெள்ளி என்றால் பத்தரை வரவேண்டும். இது அலுமினியம் அக்கா!

"அப்பா, அது குபுகுபுன்னு என்னமோ விட்டுக்கினு இருக்குதுபா" என்றாள் ஜோதிகா. சொம்பின் வாய்த் துளைகளில் குமிழ் குமிழாக வந்தது. முலாம் கரைகிறது என்று புரிந்துகொண்டேன். சொன்னதும், "எனக்குக் கல்யாணம் விமல்ராஜோட, சொம்போட இல்ல"ன்னு அழுதுக்கினே உள்ள போயிட்டா. அந்தப் பையன் அவகிட்ட என்னா சொல்லி வச்சிருக்கான்னு தனியா விசாரிக்கணும். நான் உடனே லோகேஸ்வரனுக்குப் போன் போட்டு, "சம்பந்தி, உங்க சொம்பு அலுமினியம், கல்யாணத்த நிறுத்திக்கலாம்"னுட்டேன். அவரு, "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"ன்னாரு. திருடன் கேக்கற கேள்வி பாத்தியா! வாளியில ஆரம்பிச்சு வகுத்தல் வரைக்கும் சொன்னேன். திருப்பித் திருப்பிக் கேட்டுக்கினாரு.

உனக்கும் அத்தானுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
யேசுதாஸ்

பி.கு.: இதைக் கொண்டுவர வேண்டிய ஷேர் ஆட்டோ ராமராஜன் தாமதம். அதற்குள் வாளியிலிருந்து சொம்பை எடுத்தேன், கனத்தது. உள்ளே தண்ணீர் நிரம்பியிருந்தது. முதலில் உள்ளே அடைபட்டிருந்த காற்றையும் நான் உலோகமாக அளந்துவிட்டேன். அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் கொட்டி நிறுத்தேன், 119. முன்பு வழிந்த 160-இல் அதைக் கழித்தால் உலோகம் 41. அடர்த்தி பத்தேகால். வெள்ளிதான்.

மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். லோகேஸ்வரன் கோபிக்கவில்லை. "இருக்கட்டும் சம்பந்தி. நீங்க சொன்ன மாதிரியே நிச்சயத்துல உங்க வீட்ல எங்களுக்கு வச்ச சந்தனக் கிண்ணத்த முக்கப்போறேன். வாய் அகலம், காத்து நிக்காது பாருங்க" என்றார். முடிவோடு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடும்பமாக வருகிறார்கள்.

அந்தக் கிண்ணம், அக்கா, நீ வாங்கிக் கொடுத்தது. எந்தக் கடை என்பதைச் சனிக்கிழமைக்குள் ராமராஜனிடம் எழுதிக் கொடுத்தனுப்பவும்.