குடும்பத்தோடை பாக்கலாம்

"அப்பா, ஜேசுரட்ணம் மாமாவுக்கு நீங்கள் சொன்ன அந்த இங்கிலிஷ் தொடரை முழுசாய்ப் பாத்தனீங்களோ?" என்று லவினியா கேட்டபோது பேனாட் சவரம் செய்துகொண்டிருந்தார். மகளின் குரலில் இருந்த பொறுமை அவருக்குப் பிடிக்கவில்லை.

முழுசாய் என்றால், முதல் பகுதியில் பாதி. அதற்குள் நித்திரை வந்துவிட்டது. ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் விடியற்காலையில் ட்ராம் ஓட்டுகிற மனிதனுக்கு நித்திரை வருவது குற்றமில்லை. பார்க்காததை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ததுதான் குற்றம். அதுவும் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவருக்கு.

போன கிழமைதான் ஹம்பேர்க்கில் சம்பந்திகளின் முதல் சந்திப்பு. ஜேசுரட்ணம் அங்கே செபக்கூட்டம் நடத்துகிறவர். அதிகம் பேசமாட்டார். அவர் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கும். இப்போதைய தொடர்களில் எல்லாரும் கூடியிருந்து பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவர் மௌனமானார். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் பேனாட் வாயைத் திறந்தார்.

"பிரிட்டிஷ்காரன்ரை பழைய காலத்துத் தொடர் பாருங்கோ அண்ணை. பொம்பிளையள் கழுத்திலை இருந்து கால்விரல் மட்டும் மூடிக்கொண்டுதான் திரிவினம். மழை பெய்யும், தேத்தண்ணி குடிப்பினம். பயப்பிடாமல் குடும்பத்தோடை பாக்கலாம்."

அந்தத் தொடரின் இரண்டாவது பகுதியில் வீட்டுக்காரப் பிரபுவுக்கும், அவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவளுக்கும் நடப்பதை லவினியா இப்போது சுருக்கமாகச் சொன்னாள்.

"மூடித்தான் இருக்கினம் அப்பா. அவ்வளவையும் கழட்டவே பத்து நிமிசம் காட்டுறாங்கள்."

பேனாட்டின் நாடியில் பிளேட் கீறியது.

ஜேசுரட்ணம் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. செபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். அவருடைய மகன் எமிலை நினைத்து லவினியா வருசக்கணக்காகக் காத்திருக்கிறாள். அப்பா ஒழுக்கமில்லாதவர் என்று மகளின் கலியாணம் குழம்பினால் பேனாட் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது?

நேரே பேசத் தைரியமில்லாமல் ஜேசுரட்ணத்தின் இலக்கத்துக்கு வட்ஸப்பில் எழுதினார். இரண்டாவது பகுதியில் படம் தெளிவில்லையாம், அதை விட்டுவிட்டு மூன்றாவதைப் பாருங்கோ.

அடுத்த நாள் பதில் வந்தது. "பாத்தம். தெளிவாய்த்தான் இருந்தது."

பேனாட் வேலைக்கிடையில் அவசரமாக இன்னொன்றைத் தேடினார். தேவாலய வாசலில் பாதிரியார் ஒருவர் குடையோடு நிற்கும் படத்தோடு ஒரு தொடர் கிடைத்தது. இதைவிடப் பாதுகாப்பான தொடர் உலகத்தில் இருக்க முடியாது என்று உடனே அனுப்பினார். லவினியா தேடிப் பார்த்தபோது, அந்தப் பாதிரியாருக்கு மூன்று ஊர்களில் மூன்று மனைவிமார் இருந்தார்கள்.

"பாத்தம்" என்று மட்டும் பதில் வந்தது.

மனைவி பிளோறன்ஸ், "இஞ்சாருங்கோ, இனி ஒண்டையும் அனுப்பாதையுங்கோ" என்றாள். பேனாட் கேட்டிருக்கலாம். ஆனால் கெட்ட பேரோடு நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. கடைசியாக ஒரு பெரிய மாளிகையின் சமையலறைக் கதையை அனுப்பினார். ரொட்டி சுடுவதில் என்ன பிழை வரும்? பிழை கடைசிப் பகுதியில் வந்தது. பெண்ணின் தகப்பன் புளுகன் என்று தெரிந்து, மாப்பிள்ளை வீட்டார் தேவாலய வாசலோடு திரும்பிப் போகிறார்கள்.

இந்தமுறை பதில் கொஞ்சம் நீளம். "பாத்தம். ஞாயிற்றுக்கிழமை வாறம். கதைக்க வேணும்."

லவினியா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பேனாட் அந்தக் கதவின் முன்னால் நின்றார், தட்டினார், அது திறக்க முன்னம் திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஜேசுரட்ணமும் மனைவி பவளமும் வந்தார்கள். ஜேசுரட்ணம் றோல்ஸ் இரண்டு சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். பேனாட் றோல்ஸ் தட்டை இன்னும் கிட்டத் தள்ளினார்.

"நல்ல பிள்ளை. கலியாணத்துக்கு ஜூன் மாசம் சரிதானே?" என்றார் ஜேசுரட்ணம்.

சமையலறைக்குள் லவினியா சிரித்துக்கொண்டே அழுவது கேட்டது. பேனாட்டுக்கு நெஞ்சுக்குள் இருந்த ட்ராம் ஒன்று கடைசித் தரிப்பிடத்தில் வந்து நின்றது போலிருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். பிளோறன்ஸ் கண்ணைக் காட்டியும் மனச்சாட்சி விடவில்லை.

"அண்ணை, அந்தத் தொடருகளை அனுப்பினதுக்கு என்னை மன்னிக்க வேணும்."

"எந்தத் தொடர்? நான் செபம் முடிய எட்டு மணிக்கே படுத்திடுவன்" என்றபடி ஜேசுரட்ணம் கை கழுவ எழுந்து போனார்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமலிருந்த பவளம், குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்து, கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"இவருக்கு வட்ஸப் தெரியாது அண்ணை, அந்த போன் என்ரை கையிலைதான் இருக்கும், இனி எதைப் பாக்கிறதெண்டு உங்களைக் கேக்கத்தான் நான் இவரைச் சம்மதிக்கப் பண்ணி இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான்."